நானூறு மீட்டர்

முளை அடித்துக் கயிறு கட்டினாள். டப்பாவைத் தட்டினாள். சுண்ணாம்புத் தூள் கோடாக விழுந்தது.

இருபத்தாறு வருடங்களாக இந்த மைதானத்தில் ஓடுதளம் வரைகிறவள். கல்லூரியின் உடற்கல்வித் துறைத் தலைவி.

இன்று வரைவது ஓடுதளம் அல்ல. கார் நிறுத்தும் இடம்.

துறையை வைத்துக்கொள்வதா, மூடுவதா என்று முடிவு செய்யும் குழு பத்து மணிக்கு வருகிறது. அவர்களுடைய கார்கள் நிற்க வேண்டும்.

இந்த ஆண்டு சேர்ந்தவர்கள் நான்கு பேர்.

முதல்வர் நேற்றே சொல்லிவிட்டார். "கமிட்டி ஃபைலைத்தான் பாக்கும் மேடம், மைதானத்தையா பாக்கப்போகுது? நேர்கோடு போட உங்கள விட்டா இங்க யாரு இருக்கா, சொல்லுங்க."

மறுக்கத்தான் நினைத்தாள்.

முழங்கால் வலி என்று சொல்லியிருக்கலாம். சரி என்றாள்.

ஒரு காருக்கு இரண்டு லேன் அகலம். குனிவது, தட்டுவது, நகர்வது. கை தன்பாட்டில் போனது.

நிமிர்ந்தபோதுதான் பார்த்தாள்.

முன்கோடுகள் ஒரே வரிசையில் இல்லை. ஒன்றைவிட ஒன்று முன்தள்ளி, படிக்கட்டு போலப் போயிருந்தன. வளைவில் வெளிப்பக்கம் ஓடுகிறவருக்குத் தூரம் அதிகம். அதனால் அவர் முன்னால் நின்று புறப்பட வேண்டும். கை, நானூறு மீட்டர் ஓட்டத்துக்கு வரைந்து வைத்திருந்தது.

அழிக்கலாமென்று துடைப்பத்தைத் தேடினாள்.

கேட்டில் ஹாரன்.

மூன்று கார்கள். முதல் டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"என்னக்கா, கோடு இப்படி ஏறிக்கிட்டே போவுது? என் வண்டி மட்டும் ஏன் கடைசி?"

"உங்களுக்கு உள்பக்கம். வளைவுல சரியாயிடும், விடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே வண்டியை உள்ளே விட்டார். மூன்று கார்களும் கோட்டில் மூக்கை வைத்து நின்றன.

விசிலடிக்கத்தான் ஆளில்லை.

நடுக்காரிலிருந்து இறங்கியவர் அதன் மூக்கருகே வந்து நின்றார். கையில் படிவம், மூடி திறந்த பேனா. முதல்வர் மாலையோடு ஓடிவந்துகொண்டிருந்தார்.

"ஓடுதளம் இருக்கா, இல்லையான்னு ஒரு கேள்வி இருக்கு. அது எங்க இருக்கும்மா?"

சுண்ணாம்புக் கையால் அவர் காலடியைக் காட்டினாள்.

"மூணாவது லேன்ல நிக்கிறீங்க சார்."

அவர் குனிந்து பார்த்தார். ஷூ நுனி கோட்டைத் தாண்டியிருந்தது.

சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.