ஜோப் வீட்டுச் சோறு

"வேண்டாங்க. இப்பதான் சாப்பிட்டோம்" என்றாள் அந்தப் பெண்.

பச்சைப் பொய். ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்த அவள் மகள், உள்ளேயிருந்து வந்த மீன் சோற்று வாசனைக்கு எச்சில் விழுங்கியதை பிராம் பார்த்துவிட்டான்.

பிராமுக்கு டக்கார் நகரத்து மெதினா பேட்டையில் வீடு. அந்த வாசலிலேயே உட்கார்ந்து, பழைய நாற்காலிகளுக்குப் பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுப்பான். சாப்பாட்டு வேளையில் வாசலில் நிற்பவர்களைக் கூப்பிடாமல் இருந்தால் மெதினாவில் அது மரியாதை இல்லை. கூப்பிட்டான். அவள் தலையை ஆட்டிவிட்டு எதிர்வீட்டைக் காட்டினாள்.

"அந்த வீட்டுல எங்க சித்தப்பா பையன் இருந்தானே தம்பி?"

"அவர் காலி பண்ணிட்டுப் போய் ரொம்ப நாளாச்சே அக்கா. எங்க போனார்னு யாருக்கும் தெரியல."

அவள் முகம் வாடிவிட்டது. கவோலாக்கிலிருந்து அத்தனை தூரம் பஸ்ஸில் வந்திருக்கிறாள். மறுநாள் காலையில் மகளுக்குக் கண் ஆபரேஷன்.

"அப்ப எங்க தங்குவீங்க?"

"பஸ் நிலையத்துல."

"ஆபரேஷன் முடிஞ்சப்புறம்?"

"அங்கேயேதான்."

"அந்தப் புழுதியிலயா? குழந்தை கண்ணு என்னத்துக்கு ஆகும்? எங்க வீட்டுல ஒரு அறை சும்மாத்தான் கிடக்கு, வாங்க."

"முன்னப்பின்ன தெரியாதவங்களுக்குப் பாரமா இருந்து எங்களுக்குப் பழக்கமில்ல தம்பி." மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

கதை சொல்கிற எனக்கே அவள்மேல் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்த வீறாப்பு இல்லாவிட்டால் அவளிடம் வேறு என்னதான் மிச்சம்?

"சரிக்கா, குடும்பப் பேரையாவது சொல்லிட்டுப் போங்க."

"இஞ்சாய். மரேம் இஞ்சாய்."

பிராம் கையிலிருந்த சுத்தியலைத் தரையில் போட்டான்.

"அதானே பார்த்தேன்! இஞ்சாயா நீ? சோத்துத் திருட்டுக் கும்பல்!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சிறுமி பயந்துபோய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"உங்க அப்பன், பாட்டன் எல்லாரும் அடுத்தவன் சட்டியை வழிச்சு நக்கினவங்கதானே! நான் யார் தெரியுமா? ஜோப்! உன் எஜமான்! என் வாசல்ல நின்னுக்கிட்டு சோறு வேண்டாம்னு சொல்ற அளவுக்கு அடிமைக்குத் திமிரா?"

சத்தம் கேட்டு, சோற்றுத் தாம்பாளத்தோடு வெளியே வந்த அவன் மனைவி யாசின் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிராம் ஒரு பார்வை பார்த்தான். மூடிக்கொண்டாள்.

மரேமின் உதட்டோரம் துடித்தது. அழப்போகிறாள் என்றுதான் தோன்றியது.

பையைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"யாரைப் பார்த்துடா அடிமைங்கற? எங்க மாட்டுக்குத் தண்ணி காட்டின பரம்பரைடா நீ! இஞ்சாய் ஒருத்தி உன் சோத்துல கை வைக்கறதே உனக்குப் பெரிய கௌரவம். நகருடா!"

நகர்ந்து இடம் விட்டான்.

இஞ்சாய்ப் பேர்க்காரர்களுக்கும் ஜோப் பேர்க்காரர்களுக்கும் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். நம் மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. முதல்முறை பார்க்கிறவர்கள்கூடத் திட்டிக்கொள்ளலாம். ஒருவர் வீட்டில் மற்றவர் கேட்காமலே புகுந்து உட்காரலாம். ரோஷப்பட்டால்தான் கேவலம்.

மரேம் தாம்பாளத்தின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெரிய மீன் துண்டாகப் பார்த்து மகள் பக்கம் தள்ளினாள். "தின்னுடி! இந்த ஜோப் நம்ம கிட்டேருந்து திருடினதுதான் இது!" சிறுமிக்குப் பயம் தெளிந்து சிரிப்பு வந்துவிட்டது. தாம்பாளத்தின் அடி தெரிகிற வரைக்கும் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

"வீட்டுல நல்ல அறை எதுடா?"

"உள்ளே, இடது பக்கம்."

"பொண்ணுக்குக் கண்ணு ஆறற வரைக்கும் அது என்னுது. உன் மூட்டையை எல்லாம் வெளியே தூக்கிப் போடு."

தூக்கிப் போட்டான்.

அம்மாவும் மகளும் உள்ளே போய்ப் படுத்த பிறகு, யாசின் தேநீரோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஜோப் ஐயா, தேநீர் எடுத்துக்கறீங்களா?"

அவன் உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"இந்த வீட்டுல ஜோப்னு இருக்கறது, எங்க அப்பா வீட்டுப் பேரோட வந்த நான் ஒருத்திதான்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்."

"சத்தமாப் பேசாதே."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே? நானே நல்லாத் திட்டியிருப்பேனே?"

"நீ வர்றதுக்குள்ள அவ தெருமுனை தாண்டியிருப்பா." குரலைத் தாழ்த்தினான். "பாவம்னு கூப்பிட்டா வர்ற ஆளில்ல அவ. உள்ளதைச் சொல்லி உறவு கொண்டாடினா, 'ஒரே பேருங்கறதுக்காக உங்களுக்கு ஏன் சிரமம்'னு இன்னும் கூசிப் போயிருப்பா. ஜோப் வீடுன்னாத்தான் தலை குனியாம உள்ளே வருவா."

"அதுக்காக இப்படியா? ஒரு வார்த்தை தடுமாறாம வந்துதே!"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து உன் வாயால தினமும் கேட்கறேனே, மறந்துடுமா?"

உள்ளேயிருந்து மரேமின் குரல் அதட்டியது. "டேய் ஜோப்! பொண்ணு தண்ணி கேக்கறா. உங்க வீட்டுல அதாவது உண்டா?"

"இதோ வந்துட்டேன்!" என்று பிராம் பதறி எழுந்தான்.

தண்ணீர்க் குவளையை அவன் கையில் கொடுத்த யாசினின் கண் கலங்கியிருந்தது. ஆனால் வாய் மட்டும் அடங்கவில்லை.

"போங்க, போங்க. பெத்த அப்பாவையே நடுத்தெருவுல சோத்துத் திருடன்னு திட்டின ஒரே இஞ்சாய் நீங்களாத்தான் இருப்பீங்க."