பன்னிரண்டுக்கு மேல்

விண்ணிலிருந்து இரண்டு கோணங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, நகரத்துக் கட்டடங்களின் உயரத்தைக் கணக்கிடுவது அளவுக்காரரின் வேலை. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கட்டடம் பதினெட்டு மீட்டர், அதாவது ஆறு மாடி என்று வந்தது. அந்தத் தெருவில் மற்றதெல்லாம் நான்கு மாடி. கணினி உளறுகிறது என்று மேல் ஆறு மீட்டரை அழித்து, பன்னிரண்டு என்று பதிந்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்தக் கட்டடம் தீப்பிடித்த அன்று, அந்தப் பதிவை நம்பிக் கொண்டுவந்த ஏணி நான்காவது மாடியோடு நின்றுவிட்டது. மேலே ஏழு பேர் இருந்தார்கள். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

கட்டடத்தை இடித்துவிட்டார்கள்; இப்போது அங்கே வெறும் தரை. புதிய படங்கள் இரண்டிலும் புல்தான் தெரிந்தது. ஆனால் கணக்கில், பன்னிரண்டு மீட்டரிலிருந்து பதினெட்டு வரை இரண்டு மாடிகள் அந்தரத்தில் நின்றன.

"மேகமா இருக்கும் அண்ணே. அழிச்சிட்டு அடுத்ததைப் பாருங்க," என்றாள் பக்கத்து மேசைக்காரி.

இந்த முறை அவர் பதினெட்டு என்றே பதிந்தார். கொஞ்சம் பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

அடுத்த மாதப் படங்களிலும் புல்தான். கணக்கில் மட்டும் அந்த மொட்டைமாடியின் விளிம்போரம் ஏழு புள்ளிகள் முளைத்திருந்தன. தளத்திலிருந்து அளந்தார். ஆறு புள்ளிகள் ஒன்றரை மீட்டருக்குக் குறையவில்லை.

ஏழாவது, முக்கால் மீட்டர்.