வெட்டிய மூச்சுகள்

“நேரா விஷயத்துக்கு வர்றேன் மேடம். வாசிக்கிறது நீங்களா, மெஷினா?”

மேலாளர் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஒலிப்புத்தகக் கம்பெனிக்கு ஆறு வருடமாகக் குரல் கொடுப்பவள் அவள். பதினான்கு புத்தகங்கள் வாசித்தாயிற்று. ஒரு நாள் தாமதம் கிடையாது, ஒரு சொல் பிசகியது கிடையாது. பதினைந்தாவது புத்தகத்துக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்திருந்தாள்.

“என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? என் தொண்டை சார் அது!”

“கோவப்படாதீங்க. உங்க குரலைப் பத்திப் புகார் மேல புகார் வருது. நீங்களே பாருங்க.”

கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ‘மனுஷக் குரலா இது? மூச்சே விடலையே.’ ‘உயிரே இல்லாத வாசிப்பு.’ ‘பத்து நிமிஷம் கேட்டா நமக்கு மூச்சு முட்டுது.’

படித்துவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது.

“மூச்சுச் சத்தம் துளிகூடக் கேக்கக் கூடாதுன்னு முதல் நாளே சொன்னது நீங்கதானே சார்? அதுக்காக நான் படற பாடு உங்களுக்குத் தெரியுமா?”

பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. துணி அலமாரிக்குள் போர்வைகளைத் தொங்கவிட்டு, நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசிப்பாள். மறுநாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டுவாள். ஒரு மணி நேர வாசிப்பில் அறுநூறு மூச்சாவது தேறும். வெட்டிய இடத்தில், பேசாமல் பதிந்து வைத்த அலமாரியின் மௌனத்தை ஒட்டி நிரப்ப வேண்டும். இதையெல்லாம் ஒரே சொடுக்கில் செய்து முடிக்கும் மென்பொருள் உண்டு. ஆனால் அது மூச்சோடு சேர்த்து வார்த்தையின் வாலையும் கடித்துவிடும் என்று அவள் அதைத் தொட்டதே இல்லை.

“நீங்க சொல்றதை நான் நம்பறேன் மேடம். மேல இருக்கிறவங்க நம்பணுமே? நிரூபிக்கலைன்னா ஒப்பந்தம் ரத்துன்னு சொல்றாங்க.”

முதுகு வலியால் கணவர் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது. வீட்டில் அடுப்பு எரிவது இந்தத் தொண்டையை நம்பித்தான். யார் செய்த வேலை இது? போன மாதம் லிஃப்டில் பார்த்தும் பார்க்காததுபோல் போனாளே, அந்த இன்னொரு குரல்காரி, அவள்தான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

“இப்பவே வாசிச்சுக் காட்டட்டுமா சார்?”

“இப்ப வாசிச்சு என்ன பிரயோஜனம்? அன்னிக்கு வாசிச்சதுதான் சாட்சி. மூச்சு வெட்டாத பதிவு ஏதாவது வெச்சிருக்கீங்களா?”

“எல்லாம் இருக்கு.”

“எல்லாம்னா?”

“பதினாலு புத்தகமும்.”

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னிடம் இருக்காது என்று நினைத்திருப்பார் போல, இப்போது முகத்தைப் பார் என்று அவள் மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

“அப்ப எல்லாத்தையும் கொண்டு வந்துடுங்க.”

“சோதிக்கத்தானே சார்? ஒண்ணு போதாதா?”

“ஒண்ணைக் கொடுத்தா, மத்த பதிமூணும் மெஷின்னு சொல்லுவாங்க மேடம்.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

வீட்டில் கணவருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. “பதினாலும் எதுக்காம்? எனக்கென்னவோ இது சரியாப் படலை.”

“உங்களுக்கு எதுல சந்தேகம் இல்லை? என் பேரு கெட்டுப் போய்க் கிடக்கு. ஒளிச்சு வெச்சா இன்னும்தான் சந்தேகப்படுவாங்க” என்று அவர் வாயை அடைத்தாள்.

மறுநாள் ஹார்ட் டிஸ்கை மேலாளர் மேஜையில் வைத்தாள். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். பக்கம் புரட்டும் சத்தம், எச்சில் விழுங்கும் சத்தம், தெருவில் நாய் குரைத்ததற்கு அவள் முணுமுணுத்த வசவு என்று எல்லாமே அதில் இருந்தன. அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

“அழகா மூச்சு எடுக்கறீங்க மேடம். சோகமான வரிக்கு முன்னாடி ஒரு மாதிரி, கோவத்துக்கு முன்னாடி வேற மாதிரி.”

ஆறு வருடத்தில் அவள் மூச்சை யாரும் பாராட்டியதில்லை. கண் கலங்கிவிட்டது. பதிவுகளை மனமுவந்து ஒப்படைப்பதாக அவர் நீட்டிய தாள்களில் மளமளவென்று கையெழுத்துப் போட்டாள்.

“சந்தேகம் தீர்ந்துதா சார்?”

“சுத்தமாத் தீர்ந்துது மேடம். நிம்மதியாப் போங்க.”

ஒரு மாதமாகியும் புதுப் புத்தகம் வரவில்லை. அன்று மத்தியானம் கணவர் கைப்பேசியோடு வந்தார்.

“புதுசா ஒரு நாவல் வந்திருக்கு. உன் குரல்தான். என்கிட்டகூடச் சொல்லாம எப்ப வாசிச்சே?”

வாங்கிக் கேட்டாள். அவள் குரல்தான். சோகமான வரிக்கு முன்னால் லேசாக நடுங்கும் அந்த மூச்சும் அவளுடையதுதான். ஆனால் அந்த நாவலை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. உடனே மேலாளரைப் போனில் கூப்பிட்டாள்.

“சார், இந்தப் புது நாவலை வாசிச்சது யாரு?”

“மெஷின்தான் மேடம். உங்களுக்குக் காட்டினேனே, அந்தப் புகார் எல்லாம் மெஷினோட முதல் வாசிப்பைக் கேட்டவங்க எழுதினது. உங்க குரல் அதுக்கு எப்பவோ வந்துடுச்சு, மூச்சு மட்டும்தான் வராம இருந்துச்சு.”