வரும் நேரம்

வெளியே போன வீட்டார் எப்போது திரும்புவார்கள் என்று சொல்லாவிட்டால், கம்ப்யூட்டரால் இயங்கும் அந்த வீடு அவர்கள் பெயரையே நீக்கிவிடும். பிறகு அவர்களுக்குக் கதவு திறக்காது. அதனால், கடலுக்குப் போய்த் திரும்பாத கணவன் மரியசூசைக்காக ஜெசிந்தா தினமும் வீட்டிடம் பொய் சொன்னாள்: "நாளைக்குச் சாயங்காலம்." வீடும் அதை நம்பி ஒவ்வொரு மாலையும் அவனுக்கு வெந்நீர் போட்டது. அது ஆறிப்போனது.

வீட்டின் புரோகிராமைச் சரிபார்க்க வந்த மெகருன்னிசாவுக்குக் கோபம் வந்தது. "எவன்க்கா இப்பிடி எழுதி வச்சான்? இனிமே நேரத்தக் காலியா விடலாம்னு மாத்திடறேன்."

"காலியா விட்டா வீடு நின்னு போயிராதா?"

"நிக்காதுக்கா. ஆனா நேரத்தக் கேக்குற ஒவ்வொண்ணுக்கும், அது இல்லன்னா என்ன செய்யணும்னு இப்பவே சொல்லிரணும். வெந்நீர்?"

"வேணாம். வந்தப்புறம் நான் போட்டுக் குடுக்குறேன்."

"கதவு?"

"அவரு குரலக் கேட்டா தெறக்கட்டும்."

"வாசல் லைட்டு? நேரம் இருந்தா, ஆள் வர்ற வரைக்கும் எரியும். இல்லன்னா?"

இதற்கு மட்டும் ஜெசிந்தா யோசிக்கவே இல்லை.

"இல்லன்னாலும் அவரு வர்ற வரைக்கும் எரியட்டும்."