அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு மூன்று

"அப்பா, அடைப்புக்குறியை எடுத்துட்டு எழுதிட்டேன். சரியான்னு பாருங்க."

அவள் நீட்டிய தாளில் 3(x + 2) = 3x + 2 என்று இருந்தது.

நேற்றும் இதே தப்புதான். அப்பா எகிறிக் குதித்துவிட்டார்.

"வெளியில நிக்கிற மூணு, உள்ள இருக்கிற எல்லாரையும் பெருக்கணும்னு எத்தனை தடவை கத்துறது? 3x + 6! x-க்கு ஒண்ணு போட்டுப் பாரு, ரெண்டு பக்கமும் சமமா வருதா? மண்டையில என்ன, களிமண்ணா?"

இன்று அப்பா தாளையே வெகுநேரம் பார்த்தார். அவள் திட்டுக்குத் தயாராக நின்றாள்.

"சபாஷ்! கரெக்டா போட்டுட்டியே!" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அப்பா வாயிலிருந்து அவள் கேட்ட முதல் சபாஷ்.

அவள் சமையலறைக்குள் வந்ததும், "என்ன, மாமாகிட்ட இன்னிக்கும் செம திட்டா?" என்று சிரித்தான் கணவன்.

எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் நடத்தும் ஆசிரியை அவள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான அப்பாவுக்கு மறதி நோய் முற்றி, மகளின் பெயர்கூட மறந்துவிட்டது. ஆனாலும் இந்தத் தப்பைப் பார்த்தால் மட்டும் பழைய அப்பாவாகச் சீறுவார். அதற்காகவே தினமும் தப்பாகப் போட்டுக் காட்டுவாள்.

"இல்லைங்க," என்றாள். "இன்னிக்குப் பாராட்டிட்டார்."