ரப்பர் பேண்டு அவிழவில்லை

போன முறை அவசரப்பட்டுத் தொட்டியில் விட்ட மீன் மறுநாளே மல்லாந்துவிட்டது. "இந்தத் தடவையும் ஒண்ணு செத்துச்சுன்னா தொட்டியில மண்ணைக் கொட்டிச் செடி நட்டுடுவேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். தையல்காரருக்கோ மெஷினுக்கு எதிரே இருந்த ஒரே பொழுதுபோக்கு அந்தத் தொட்டிதான்.

அதனால் மீன் கடைக்காரன் சொன்னதைப் பிசகாமல் செய்தார். தொட்டி விளக்கை அணைத்தார். புது மீன் இருந்த பையைப் பிரிக்காமல் அப்படியே மிதக்கவிட்டார். பைத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரவேண்டும். பழைய மீன்கள் மூன்றும் சம்பந்தி வீட்டார் மாதிரி பையைச் சுற்றிச் சுற்றி நோட்டம் விட்டன.

"ஒரு மீனை விட இவ்வளவு நேரமா? நம்ம பொண்ணே இதைவிடச் சீக்கிரம் பொறந்தா!" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

"பொறும்மா, பழகட்டும்."

முகம் கழுவிக்கொண்டு வந்து விளக்கைப் போட்டார். புது மீன் தொட்டிக்குள் ஒய்யாரமாக நீந்திக்கொண்டிருந்தது. பை இன்னும் மிதந்தது. கடைக்காரன் போட்ட ரப்பர் பேண்டு அவிழவில்லை. பையில் ஊசி முனையளவு ஓட்டைகூட இல்லை. இருந்தால் தையல்காரர் கண்ணுக்குத் தப்பாது.

"என்னங்க, ஏதாவது செத்துச்சா?"

"இல்லம்மா... எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க."

பழைய மீன்கள் மூன்றும் பைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன.