பத்துக்கு எத்தனை?

"சனிக்கிழமை காலையில பத்து மணிக்குப் பாலிங்ல இருக்கணும். இந்தத் தடவையும் கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்னு சொன்னே, நான் உனக்கு அக்காவே இல்ல."

பெண்டாங்கிலிருந்து போனில் பேசியவள் உமாராணி. சுங்கைப்பட்டாணி அலுவலகத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பி புவனேசனுக்கு வயது முப்பத்து மூன்று. இதற்கு முன் இரண்டு முறை பெண் பார்க்கப் போவதை வேலையால் தள்ளிவைத்தான். இரண்டும் தள்ளிவைத்த இடத்திலேயே நின்றுவிட்டன.

இந்தப் பெண் பாலிங் ஊர்க்காரி, பெயர் ஷாமளா. அவள் வீட்டில் மூன்று வாரமாக மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கிறார்களாம். கோயிலில் கேட்டார்கள், பள்ளியில் கேட்டார்கள், பக்கத்து வீட்டில் கேட்டார்கள். கடைசியில் அக்காவிடமே கேட்டார்கள்.

"தம்பி எங்க வேலை செய்யுதுன்னாங்க. சொன்னேன். அவ்வளவுதான்லா."

கொஞ்சம் தோண்டியபோது மற்றதும் வந்தது. கம்பெனி பெயர், கிளினிக்குகளில் நோயாளிகளின் விவரங்களைப் பூட்டி வைக்க அவன் எழுதிய மறையாக்க மென்பொருளின் பெயர், ஆறாம் ஆண்டு படிக்கும்போது வாத்துக்குப் பயந்து ரம்புத்தான் மரத்தில் ஏறி ஒரு மணி நேரம் அழுதது.

"எங்க மென்பொருள்ல வந்திருக்கிற கோளாறும் அச்சு அசல் நீதான்க்கா," என்றான். "அஞ்சு எழுத்து கேட்டா அஞ்சோட நிறுத்தத் தெரியல. நினைவகத்துல பக்கத்துல கிடக்கிறதையும் சேர்த்து அள்ளிக் கொடுக்குது."

அதற்குப் பெயர் தாராள மனசு என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

கோளாறைக் கண்டுபிடித்து எழுதியது 'ரெயின்கோட்' என்ற புனைபெயர்க்காரர். இணையத்தில் கிடைக்கும் சோதனைப் பிரதியைக் குடைந்து பார்த்து, சுத்தமான ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்பியிருந்தார். பனி பெய்யும் ஏதோ ஒரு தேசத்தில் பூனையோடு குடித்தனம் நடத்தும் தாடிக்காரன் என்று புவனேசன் முடிவு கட்டிவிட்டான்.

கோளாறு எவ்வளவு கடுமையானது என்று பத்துக்கு மதிப்பெண் போடுவது புவனேசனின் பொறுப்பு. ஏழைத் தொட்டால், சரிசெய்து முடிக்கும்வரை யாருக்கும் லீவு கிடையாது. ஐந்து என்றால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். புவனேசன் ஐந்து புள்ளி மூன்று போட்டான். கசிவது வெறும் துண்டு துணுக்குதான் என்று விளக்கமும் எழுதினான். அந்தக் கோளாறான வரியை எழுதியதே தான்தான் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டான்.

மென்பொருளிடம் எத்தனை முறை கேட்டுப் பார்த்தீர்கள் என்று ரெயின்கோட் திருப்பிக் கேட்டார். பத்து முறை என்றான் புவனேசன். நாற்பது முறை கேளுங்கள் என்று பதில் வந்தது. தன் கணக்கில் மதிப்பெண் ஏழரை என்றும் எழுதியிருந்தார்.

சனிக்கிழமை பெண் பார்க்கப் போகிறவனுக்கு வரக்கூடிய எண்ணா அது?

தன் கணினியில் கேட்டுப் பார்த்தான். முப்பத்தெட்டாவது தடவை, துண்டு துணுக்குகளுக்கு நடுவே பூட்டின் சாவியே வந்து விழுந்தது.

கீழே தேநீர்க்கடைக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்தான். மேலே வந்து, ஆறு புள்ளி ஒன்பது என்று வைத்துக்கொள்ளலாமா என்று பேரம் பேசினான். மீன் வாங்குகிறீர்களா என்று கேட்டார் தாடிக்காரர்.

இன்னொரு சாக்கு எழுத ஆரம்பித்தபோதுதான் அக்கா போகும் பெண்டாங் கிளினிக் ஞாபகம் வந்தது. உலகத்தில் எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிவிடும் அக்கா, யாரிடமும் சொல்லாத ஒரே விஷயம் ரத்தப் பரிசோதனையில் வந்த அவளுடைய இனிப்புநீர் அளவு. அது அங்கேதான் இருக்கிறது, அவன் போட்ட பூட்டுக்குள்.

எழுதியதை அழித்தான். ஏழரை என்று போட்டான். அந்த வரியை எழுதியவன் நான்தான், சனி ஞாயிறும் உட்கார்ந்து சரிசெய்கிறேன் என்று கீழே சேர்த்தான். பிறகு அக்காவைக் கூப்பிட்டான்.

சனிக்கிழமை வர முடியாது என்றதற்கு, வழக்கமாக ஒன்று கேட்டால் ஒன்பது சொல்லும் அக்கா ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

"அந்த வீட்டுக்கு நான் எந்த முகத்தோட போன் பண்றது?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தாள்.

மூன்றாவதும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே புவனேசன் வேலையைத் தொடங்கினான். அரை மணி நேரத்தில் ரெயின்கோட்டிடமிருந்து பதில் வந்தது. முதன்முறையாகத் தமிழில்.

"ஏழரைக்கு நன்றி. அப்பா உங்க பக்கத்து வீட்டுல விசாரிச்சாங்க, நான் உங்க மென்பொருள்ல விசாரிச்சேன். சரிசெஞ்சு முடிச்சிட்டு அடுத்த சனிக்கிழமை பயப்படாம வாங்க, எங்க வீட்டுல வாத்து இல்ல."